தகரப் பெட்டியில் கிடக்கும் தமிழ்ச் செல்வம்
(கல்முனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேளாண்மை நம் கரையின் உயிர். அதனையே காவியமாக்கினார் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன். 1975இல் அவர் கண்மூடினார். 'வேளாண்மை' நூலுருப் பெற்றதோ 1982இல். மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் அதனை வெளியிட்டார். இடையில், 1978 நவம்பர் 23இல், சூறாவளி நம் கூரைகளைப் பிடுங்கியெறிந்ததை மறந்தோமா? அத்தாள்கள் அழிந்திருப்பின், நம் உழவர் வாழ்வைப் பாடிய அக்காவியம் ஏது?

காவியமாவது நூலாயிற்று. கடிதங்களோ? எந்த அடியை எவர் சொல்லி மாற்றினார் என்பதைக் கடிதமன்றி வேறெது கூறும்? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களையே வாரிச் சென்றது. வீடே போனவிடத்துத் தகரப் பெட்டியை எவர் தேடுவார்?

நூலகத்திற் கொடுத்தால் மட்டும் போதுமா? 1981இல் யாழ்ப்பாண நூலகமே எரிக்கப்பட்டது! ஆகவே, மூலம் ஓரூரிலும் படி வேறூரிலும் இருத்தல் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்த்து வருகிறது; அதனை நாம் பயன்படுத்துவோம்.

பிறர் வீட்டு இரகசியம் வெளிப்படுமே என்றஞ்சிக் கடிதங்களை எரிப்போரும் உளர். நியாயமான அச்சமே. ஆயினும் எரிப்பானேன்? இத்தனை ஆண்டுகள் திறக்கலாகாது என்று எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கலாம். பெரும் காப்பகங்கள் அந்நிபந்தனையை ஏற்கின்றன.

அதுவரை, கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள். கடிதத்தையும் உறையையும் பிரிக்காதீர்கள். திகதி எழுதாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே சாட்சி.