கணினியின் சூடும் விளையாட்டும்



விளையாட்டுக் கணினி வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால், சூடேறி ஓடுவதே வலுவானது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கணினியின் மூளை போன்றது செயலி. அதைச் செய்வதில் போட்டியாளர்கள் இன்டெல்லும் ஏஎம்டியும். இரண்டுமே 1972இல் நம் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியவைதாம்!

2023இல் வந்த இன்டெல் 14900கே, முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். மூன்று நான்கு மின்விசிறிகள் சுற்றப் போதுமான மின்சாரம், அத்தனையும் சூடாகிவிடுகிறது. அதே ஆண்டு வந்த ஏஎம்டி 7800எக்ஸ்3டிக்குக் குறித்த அளவோ 120 வாட்தான். ஆயினும் பெரும்பாலான விளையாட்டுகளில் முந்துவது இதுவே. எப்படி? சமைப்பவர் உப்பையும் மிளகாயையும் அடுப்பருகே வைத்துக்கொள்வதில்லையா? அதுபோல், வேண்டிய தரவுகளைத் தன்னுள்ளேயே 96 மெகாபைட் இடத்தில் வைத்துக்கொள்கிறது.

குறித்த வேகத்துக்கு மேல் முடுக்குவதை ஓவர்கிளாக்கிங் என்பார்கள். 14900கே அதற்கு இடங்கொடுக்கும். 7800எக்ஸ்3டி பெரும்பாலும் கொடுக்காது. நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. யாரும் முடுக்காமலேயே, மிகுந்த மின்னழுத்தத்தால் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில பழுதாயின. 2024இல் அந்நிறுவனமே உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டியது. அவ்வகைக் கணினியைப் பழையதாக வாங்குவோர், 'பயோஸ்' புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.