பளபளப்பா, பிடிப்பா? கார் நிற்கும் தரைக்கு எந்தப் பூச்சு?



வீட்டைப் புதுப்பிக்கும்போது குடும்பமே கூடிப் பேசுகிறது. வரவேற்பறைக்கு என்ன வண்ணம், சமையலறைக்கு எப்படிப்பட்ட அலமாரி, பூசையறைக்கு எந்தக் கதவு என்று இரவு பன்னிரண்டு மணிவரைகூடப் பேச்சு நீள்கிறது. ஆனால் கார் நிற்கும் தரையைப் பற்றி யாராவது பேசுவதுண்டா? வீட்டிலேயே அதிகம் அடிபடும் இடம் அதுதான். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள கார் தினமும் ஏறி இறங்குகிறது. எண்ணெய் சொட்டுகிறது, வெயில் காய்கிறது, மழைச்சாரல் அடிக்கிறது.

கிள்ளானில் ஒரு தாமானில் வசிக்கும் அன்பர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். தொழிற்சாலையில் இயந்திரப் பழுதுபார்ப்பாளராக இருந்தவர். 55 வயதில் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வீட்டைப் புதுப்பித்தார். முன்னால் கார் நிறுத்துமிடம். பின்கட்டில் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவதற்கு ஒரு சிறு பட்டறை. இரண்டுக்கும் எப்பாக்சி பூசிவிடலாம் என்றார் குத்தகையாளர். முன்பக்கம் மட்டும் 200 சதுர அடி, 1,200 வெள்ளி. ஒரே நாளில் வேலை முடிந்தது. தரை கண்ணாடிபோல் மின்னியது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

நான்கு மாதம் கழித்து, கார் சக்கரம் நிற்கும் நான்கு இடங்களிலும் பூச்சு தோலாக உரிந்து வந்தது. வெயில் படும் ஓரம் மஞ்சளித்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு மாலை மழைக்குப் பிறகு, வாசலில் காயப்போட்ட துணியை எடுக்க வந்த அவருடைய தாயார் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது 78. மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

குற்றம் எப்பாக்சியின் மீதா? அதைத்தான் இங்கே அலசிப் பார்க்க வேண்டும்.

ஏன் உரிகிறது?

எப்பாக்சி என்பது பிசின், கடினமாக்கி என்ற இரு பகுதிகளைக் கலந்ததும் வேதிவினையால் இறுகும் பொருள். சரியாகப் பூசினால் எண்ணெய், பெட்ரோல், கனமான சாமான்கள் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அது எதன்மீது ஒட்டுகிறதோ அதன் பலம்தான் அதற்கும் பலம். சிமெண்டுத் தரையின் மேல்பகுதியில் பலமில்லாத மெல்லிய மாவுப்படலம் இருக்கும். பழைய தரை என்றால் எண்ணெய்யும் ஊறியிருக்கும். அதன்மேல் பூசினால் பூச்சு படலத்தைப் பிடிக்குமே தவிர, தரையைப் பிடிக்காது.

நெடுஞ்சாலையில் ஓடிவந்த காரின் சக்கரம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பூச்சு இளகுகிறது. ரப்பரில் உள்ள எண்ணெய்ப்பசைப் பொருள்களும் அதில் இறங்குகின்றன. சக்கரம் ஆறிச் சுருங்கும்போது இளகிய பூச்சைக் கவ்வி இழுக்கிறது. பிடிப்பில்லாத பூச்சு அங்கேயே பெயர்கிறது.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அதுதான் நிலத்து ஈரம். சிமெண்டு பார்வைக்குக் கல்போல் இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் உண்டு. கீழே உள்ள ஈரம் ஆவியாக மேலே வரும். தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடாத பழைய வீடுகளிலும், தாழ்வான நிலத்தில் கட்டிய வீடுகளிலும் இந்தத் தொல்லை அதிகம். ஆவி வெளியேற வழியில்லாமல் மேலே பூச்சு மூடிக்கொண்டால் கொப்புளம் எழும்பும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. சுமார் 45 செண்டிமீட்டர் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைத்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். இது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரக்குறிப்பில் உள்ள சோதனைதான். ஒருநாள் காய்ந்திருந்தது என்பதற்காக நம்பிவிடாமல், நல்ல மழைக்குப் பிறகும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரை என்றால் 28 நாளாவது காத்திருக்க வேண்டும்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. தரையில் சில துளி தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் நல்லது. முத்துப்போல் உருண்டு நின்றால் அங்கே எண்ணெய்யோ பழைய பூச்சோ இருக்கிறது.

கணக்குப் பார்த்துக் கேளுங்கள்

கிள்ளான் அன்பர் இரண்டாவதாக அழைத்த குத்தகையாளர் ஓர் இளைஞர். தரையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, பூச்சுமேல குறை சொல்ல முடியாது. தரையை அரைக்காம, கழுவிட்டு அப்படியே பூசியிருக்காங்க. அதோட ரொம்ப மெல்லிசு."

"மெல்லிசுன்னு எப்படித் தம்பி சொல்றே?"

"எத்தனை டின் வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா அண்ணே?"

தண்ணீர் கலந்த வகை, ஐந்து லிட்டர் டின் ஒன்றுதான் வந்தது. இங்கேதான் எளிய கணக்கு ஒன்று உதவுகிறது. ஒரு லிட்டர் பூச்சு ஒரு சதுர மீட்டரில் பரவினால் ஒரு மில்லிமீட்டர் கனம். 200 சதுர அடி என்பது ஏறக்குறைய 18.5 சதுர மீட்டர். தண்ணீர் கலந்த பூச்சில் பாதி ஆவியாகிப் போனால் மிஞ்சுவது இரண்டரை லிட்டர். அதைப் பரப்பினால் 0.15 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கரைப்பானோ தண்ணீரோ கலக்காத, நூறு விழுக்காடு திடப்பொருள் கொண்ட எப்பாக்சி என்றால் பூசியது அப்படியே தங்கும். 0.3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஐந்தரை லிட்டர் வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் இருமுறை பூசும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த இடத்துக்கு எது?

எப்பாக்சிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளிக்கும், நாளடைவில் மாவாக உதிரும். அதனால் திறந்தவெளி வாசலுக்கு அதை மட்டும் பூசுவது சரியல்ல. மேலே அலிஃபாட்டிக் வகைப் பாலியுரேத்தேன் பூச்சு கொடுத்தால் நிறம் நிலைக்கும், கீறலும் குறையும். பாலியுரேத்தேன் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அரோமாட்டிக் வகையும் மஞ்சளிக்கும் என்பதால் அலிஃபாட்டிக்கா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பாலிஆஸ்பார்டிக் என்பது வெயிலையும் தாங்கும், சில மணி நேரத்தில் காய்ந்தும்விடும். ஆனால் விலை அதிகம். நம் நாட்டு வெப்பத்தில் மிக வேகமாக இறுகுவதால் பழகிய கைகள்தான் பூச வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. லித்தியம் சிலிக்கேட் போன்ற திரவம் சிமெண்டுக்குள் ஊறி, அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து தரையைக் கெட்டிப்படுத்துகிறது. தூசி எழும்பாது. மேலே படலமே இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. பளபளப்பை எதிர்பார்க்க முடியாது. எண்ணெய்க் கறையையும் முழுவதும் தடுக்காது. ஆனால் தரையின் சொரசொரப்பு அப்படியே இருக்கும்.

கிள்ளான் வீட்டில் இந்த இடத்தில்தான் பேச்சு நின்றது. மகனுக்கு மறுபடியும் மின்னும் வாசல் வேண்டும் என்று ஆசை. கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த தாயார் சொன்னார்: "பளபளன்னு வேணும்னு யாருய்யா கேட்டா? கால் வழுக்காம இருந்தா போதும்."

அதோடு முடிவாயிற்று. முன்வாசலில் பழைய பூச்சை முழுவதும் அரைத்து எடுத்து, துடைப்பக்கோடு போட்ட சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு போட்டார்கள். அது காய்ந்து இறுகியபின் சிலிக்கேட் திரவம் ஊற்றினார்கள். பின்கட்டுப் பட்டறையை வைர அரவை இயந்திரத்தால் அரைத்து, தூசியை உறிஞ்சி எடுத்து, நூறு விழுக்காட்டு எப்பாக்சி பூசினார்கள். ஈரமாக இருக்கும்போதே மணல் தூவி, மேலே பாலியுரேத்தேன் கொடுத்தார்கள். வெல்டிங் செய்யும் மூலையை மட்டும் பூசாமல் விட்டார்கள். தீப்பொறி எந்தப் பூச்சையும் கருக்கிவிடும்.

தானே பூசுபவர்களுக்கு

வீட்டில் தானே செய்ய நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிற்பகல் இடிமழை வழக்கமான ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் திறந்த இடத்தில் வேலை வைக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். கலவை விகிதத்தைக் கண்ணளவில் பார்க்காமல் அளந்து கலக்குங்கள். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகையும், சீக்கிரம் தரையில் ஊற்றிப் பரப்புங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எப்பாக்சியின் கடினமாக்கி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். இருபகுதிப் பாலியுரேத்தேனில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில், சாதாரணத் துணி முகமூடியை நம்பி அதைப் பூசக்கூடாது. காரை ஏற்ற அவசரப்படாதீர்கள். மறுநாள் நடக்கலாம் என்றாலும், பெரும்பாலான எப்பாக்சிக்கு ஒரு வாரம் கொடுப்பது நல்லது.

குத்தகைக்கு விடுவதானால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பொருள், எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம், தரையை அரைப்பார்களா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? கிள்ளான் அன்பரிடம் முதல் வேலைக்கு ஒரு ரசீதுகூட இல்லை. இருந்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கலாம். ஐந்து வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 வெள்ளி வரை அங்கே இழப்பீடு கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் ஆதாரம் இல்லாமல் எதைக் காட்டுவது?

மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அந்தத் தாயார் இப்போதும் வாசலுக்கு வந்து துணி எடுக்கிறார். தரை மின்னவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. தரைக்குப் பூச்சு தேடும் நேயர்கள் வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன், அந்தத் தரையில் யார் யார் நடக்கிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.