மேலூர்ப் பூங்காவும் நம் வாழ்வும்

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசாது, இந்தத் தலைமையாசிரியர் வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றாரே எனச் சிலர் எண்ணக்கூடும். வயிற்றுக்கும் வேலைக்கும் போராடும் மக்களுக்குப் பூச்சி எதற்கு, புதர் எதற்கு என்பது நியாயமான வினாவே. அவ்வினாவிற்கு விடை கூறவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இவ்விரு ஆறுகளின் நடுவே கிடக்கும் தீவில்தான் திருவரங்கமும் அதன் மேற்கே மேலூரும் உள்ளன. அங்கே, மேலணைக் காப்புக்காட்டில், ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றை வனத்துறை அமைத்து, 2015 நவம்பரில் திறந்தது. சட்டத்தின் கண்ணில் அது சரணாலயம் அன்று. ஆயினும் செய்யும் பணி சரணாலயத்தின் பணியே. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் அங்கே காணப்பட்டுள்ளன.

பூங்காவிற்குச் செல்வோர் பூக்களைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். உண்மையில் பார்க்க வேண்டியவை இலைகள். வளர்ந்த பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். அதன் புழுவோ கண்ட இலையைத் தின்னாது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றில் ஒரு வகை முட்டையிடும். எருக்கினை நாடுவது இன்னொரு வகை. அந்தச் செடி இல்லையேல் அந்தப் பூச்சியும் இல்லை. நம் சேரிகளின் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் படரும் ஆடுதீண்டாப்பாளையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆடும் வாய் வைக்காத அந்தக் கொடியைத் தின்றே, சிவந்த உடலும் கருஞ்சிறகும் கொண்ட பேரழகு வாய்ந்த ஒரு வண்ணத்துப்பூச்சி உருவாகின்றது. செடியின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதனை உண்ண அஞ்சுகின்றன. தீண்டா என்னும் சொல்லைக் கேட்டாலே நமக்கு நெஞ்சு சுடும். அந்தப் பூச்சிக்கோ அதுவே அரண்.

களை என்று பெயரிட்டுப் பிடுங்கி எறியப்படுபவை பெரும்பாலும் இத்தகைய செடிகளே. எந்தச் செடியில் எந்தப் புழு இருக்கும், எந்தக் கீரை எந்த மழைக்குப் பின் முளைக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அந்த அறிவிற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் வழங்கவில்லை. கல்வி பெற்ற நம் பிள்ளைகள் அதனை வெட்கத்துடன் மறந்து வருகின்றனர் என்பதே என் மனக்குறை.

இனி, மனிதனுக்கு இதனால் என்ன பயன்? மகரந்தச் சேர்க்கை என்று பாடநூல் கூறும். அது சரியே, ஆனால் அந்தப் பணியில் தேனீயே முதன்மையானது, வண்ணத்துப்பூச்சி அதற்குத் துணை நிற்பது. பூசணியும் சுரையும் காய்க்க அவற்றின் உழைப்பு வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் சிறப்பு வேறு: காற்றும் நீரும் இலையும் கெட்டால் முதலில் மறைபவற்றுள் அதுவும் ஒன்று. வயலில் தெளிக்கப்படும் மருந்து பயிரைத் தின்னும் புழுவை மட்டும் கொல்வதில்லை. நத்தையும் நண்டும் வாய்க்கால் மீனும் அதனுடன் குறைந்தன. இவை ஏழை வீட்டின் விலையில்லாக் கறி அல்லவா? அவற்றை உண்டதற்காக நம்மை இழிவாகப் பேசியவர்களும் இருந்தனர். இழிவுச் சொல்லையும் ஏற்றோம். பின்னர் அந்த உணவையும் இழந்தோம். மருந்தடிக்கும் கருவியை முதுகில் சுமந்தவர்களும் நம்மவர்களே. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்யும் வரை அதனையும் இந்நாட்டு வயல்களில் தெளித்தனர்.

பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் கதை இதனினும் கொடிது. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே அந்தப் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. காரணம் 2004இல் தெளிவாயிற்று. மாட்டு மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. அதற்குள் அழுகும் பிணங்களால் நீர் கெட்டது, நாய்கள் பெருகின, வெறிநோய் அச்சம் மிகுந்தது. 2000 முதல் 2005 வரை இதனால் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று ஃபிராங்க், சுதர்சன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2024இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டுள்ளனர். செத்த மாட்டை அகற்றும் வேலை யார் தலையில் சுமத்தப்பட்டது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பறவை கூலி கேளாது செய்து வந்த துப்புரவுப் பணி நின்றுபோனால், அதன் சுமை எந்தத் தெருவிற்கு முதலில் வந்து சேரும் என்பதையும் நீங்களே அறிவீர்கள்.

ஆற்றைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். திருச்சி மாநகரம் குடிக்கும் நீர் காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகின்றது. அந்நீரைச் சேமித்தும் வடிகட்டியும் தருவது மணல். 2018 ஆகஸ்டு 22 அன்று வெள்ளத்தில் மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோது, படுகை மணலைப் பற்றிய கேள்வி ஊரெங்கும் எழுந்தது. சுள்ளி பொறுக்கும் பெண்ணைக் காட்டின் பகைவர் எனக் கருதுவோர், இரவில் செல்லும் மணல் லாரியைக் கண்டும் காணாதிருப்பது எனக்கு ஒப்புதலன்று. காப்பின் சுமை எளியவர் மீது மட்டும் ஏற்றப்படுமாயின் காடும் நிலைக்காது.

தமிழ்நாடு அரசு 2019இல் 'தமிழ் மறவன்' என்பதை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024இல் உலக ராம்சர் ஈரநிலங்களின் வரிசையில் இடம்பெற்றது. அந்த ஏரிக்கும் நம் காவிரி நீரே புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகச் செல்கின்றது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் மருத்துவமும் பொறியியலும் பயில விரும்புவது நன்று. விலங்கியலும் தாவரவியலும் வனவியலும் பயின்று வனத்துறைத் தேர்வெழுதவும் சிலர் முன்வர வேண்டும். காட்டைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் நம் பிள்ளை ஒருவர் அமர்ந்தால், சுள்ளி பொறுக்கும் பெண்ணின் பக்கத்து நியாயமும் அங்கே பேசப்படும்.

கழகப் பெரியோர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விடுதி மாணவர்களை மழைக்காலம் முடிந்தவுடன் ஒரு நாள் மேலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் குறிப்பேடு இருக்கட்டும். விடுதியின் வடபுற வேலியோரம் பத்தடி அகலத்திற்கு நிலத்தைச் செதுக்காது விட்டு வையுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளை எங்கள் பள்ளி மாணவர்கள் கொண்டுவந்து தர இசைந்துள்ளனர். எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் தாமே முளைத்துவிடும். அவற்றைப் பிடுங்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லி வைத்தால் போதும்.