லேப் டெக்னீசியன் படிப்பு: உடம்பும் மனசும் எப்படி இருக்க வேண்டும்?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்காக நம் சங்கம் நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்தப் படிப்புக்கு உடம்பும் மனசும் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. சேர்ந்து ஆறு மாதம் கழித்து "எனக்கு ஒத்துவரவில்லை" என்று நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகள் வீண் பயத்தில் விலகிப்போவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் கண். கண்ணாடி போட்டிருப்பது ஒரு தடையே இல்லை. கவனிக்க வேண்டியது நிறம். சாயத்தின் அருமையைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வேலையிலும் சாயம்தான் பேசும். 1884-இல் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் வெளியிட்ட முறையில் சாயம் ஏற்றினால், ஒரு வகைக் கிருமி ஊதாவாகத் தெரியும், இன்னொரு வகை இளஞ்சிவப்பாகத் தெரியும். சளிப் பரிசோதனையில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி போலத் தெரிவது காசநோய்க் கிருமி. ரத்தம் எடுக்கும் குழாய்களையும் மூடியின் நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம்.

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத குறைபாடு பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத் தாய்வழியாக வருவது. இருப்பது தெரியாமலேயே பலர் பிளஸ் டூ வரை வந்துவிடுவார்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் இதைப் பார்த்துவிடுங்கள்.

குறைபாடு இருந்தால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நிறக்குறைபாட்டைக் காட்டித் திரிபுராவில் இரண்டு மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்டபோது, அவர்களைச் சேர்க்கும்படி 2017-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் நிறம் பார்ப்பது தினசரி வேலை. அதனால் மறைக்க வேண்டாம். குறைபாடு எந்த அளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, கல்லூரியில் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது கை. பிப்பெட்டில் 10 மைக்ரோலிட்டர் எடுக்கச் சொல்வோம். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. கை நடுக்கம் இருந்தால் சிரமம். ஆனால் முதல் மாதத்தில் எல்லார் கையும் நடுங்கும். அது பழகினால் போய்விடும்.

கால்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மாதிரி சேகரிக்கும் இடத்தில் காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும். நாமும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், இரவுப் பணியும் உண்டு. நிற்கவோ நடக்கவோ முடியாதவர்களுக்கு மைக்ராஸ்கோப், கருவிகள் என்று உட்கார்ந்து செய்யும் வேலையும் நிறைய இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமாவது ஒதுக்க வேண்டும். ஊனத்தின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓர் எம்.பி.பி.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்காகவும் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம்.

"ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது, நான் சேரலாமா?" என்று ஒரு பாப்பா கேட்டாள். சேரலாம் அம்மா. சிலருக்கு ரத்தத்தைப் பார்த்ததும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். அது கோழைத்தனம் இல்லை. தலை சுற்றும்போது கால் தசைகளை இறுக்கிப் பிடித்தாலே பலருக்கு நின்றுவிடும். பெரும்பாலானோருக்குப் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

இப்போது மனசு. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான தகுதி. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று எழுத வேண்டுமானால் மைக்ராஸ்கோப்பில் 100 இடங்களை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். நாற்பதாவது இடத்தில் நிறுத்திவிட்டு "இல்லை" என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் கிருமி அறுபதாவது இடத்தில் இருந்தால்? அந்த மனிதர் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போவார், வீட்டில் கைக்குழந்தை இருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொட்டாசியம் உப்பு இருக்கும். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பினால், பொட்டாசியம் தாறுமாறாகக் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் தேவையில்லாத மருந்து கொடுத்தால் இதயத்துக்கே ஆபத்து. சரியான வழி என்ன? திரும்பிப் போய், "பாட்டி, இன்னொரு தடவை குத்த வேண்டியிருக்கு, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்வது. பாட்டி திட்டுவார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் மனசுதான் நான் சொல்லும் தகுதி.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் 200 ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃப்ரிட்ஜில் பாதுகாத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. உடனே அறிவித்துவிடவில்லை. மறுபடி சோதித்தார்கள், அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது. அவசரப்படாத மனசுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதோடு வாய்க்கட்டுப்பாடும் வேண்டும். நம் ஊரில் பிள்ளையார்பாளையத்தில் ஒருவருக்கு என்ன நோய் என்று சொன்னால், மாலைக்குள் மற்ற தெருக்களுக்கும் போய்விடும். எச்.ஐ.வி. முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட் கைக்கு வந்தாலும், வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது.

கடைசியாக, சேர்வதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. கண் பரிசோதனை, நிறப் பரிசோதனை இரண்டும்.

2. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கான சான்று. போடாதவர்களுக்கு மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. இப்போதே தொடங்குங்கள்.

3. கையில் ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பயந்து மறைக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

4. தெரிந்த ஆய்வகம் ஒன்றில் அனுமதி கேட்டு, ஒரு காலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பாத்திரத்தை உடைத்துவிட்டு "நான்தான் உடைத்தேன்" என்று வந்து சொல்கிற பிள்ளை இருந்தால், மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் தைரியமாக இந்தப் படிப்பில் சேருங்கள். சந்தேகம் இருக்கும் மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வரலாம்.