துருசு திறக்கும் காலம்

(இரணைமடுவில் நடைபெற்ற பழைய மாணவிகளின் தவக்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சமயபாடத்தில் நான் வாங்கிய புள்ளிகளை அறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகவே மறையுரை ஆற்ற நான் துணியமாட்டேன். வைத்தியராக நான் கண்ட ஓர் ஒருசந்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விபூதிப் புதனன்று, 62 வயது அம்மா ஒருவரை அரை மயக்கத்தில் கொண்டுவந்தார்கள். உடல் வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சுக் குழறியது. இரத்தத்தில் சீனி 46. காலையில் வழமைபோல இன்சுலின் ஊசி போட்டவர், ஒன்றும் சாப்பிடவில்லை. குளுக்கோசு ஏற்றியதும் கண் விழித்தார். நான் ஏசத் தொடங்கினேன்.

"ஊசியும் போட்டுட்டுப் பட்டினி கிடக்கலாமே அம்மா? திருச்சபைகூட உங்களிட்டை இதைக் கேக்கேல்லையே!"

நான் சொன்னது சரிதான். ஒருசந்திக் கடமை 18 வயதிலிருந்து 59 வயது முடியும்வரைதான். நோயாளருக்கு அதுவும் இல்லை. ஆனால் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளை, 2009 தவக்காலத்திலை நாங்கள் மாத்தளனிலை கிடந்தனாங்கள். கஞ்சிக்கு வரிசையிலை நிண்டம். அந்தப் பட்டினி நாங்கள் கேட்டு எடுத்ததில்லை. இப்ப வீட்டிலை சோறு இருக்கு. இருக்கேக்கை விடுறதுதானே ஒருசந்தி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த ஆண்டு விபூதிப் புதன் பெப்ரவரி 25, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்ற கரையோரத் துண்டில் சனம் நெருங்கிக் கிடந்த நாட்கள் அவை. நான் அங்கே இருக்கவில்லை. அங்கே இருந்தவருக்குத்தான் பசியைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு எசாயா 58ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளியும் சனியும் திருப்பலியில் நாம் கேட்கும் வாசகம் அது. பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், நுகத்தை முறிப்பதும், வீடற்றவருக்கு இடம் கொடுப்பதுமே தாம் விரும்பும் நோன்பு என்கிறார் ஆண்டவர். அப்படிச் செய்பவர் நீர் பாய்ந்த தோட்டம்போல இருப்பார் என்றும் இறைவாக்கினர் சொல்கிறார்.

நீர் பாய்ந்த தோட்டத்தை இரணைமடு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளம், நமது பாடசாலையைப் போலவே நூறாண்டு கண்டது. காலபோகம் முடிந்ததும், இருக்கும் தண்ணீரை அளந்து, சிறுபோகத்துக்கு ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். துருசைப் பூட்டி வைப்பது வயலுக்குத் திறந்துவிடத்தான். நமது ஒறுத்தலும் அப்படித்தான். நான் விட்ட உணவு இன்னொருவர் கோப்பைக்குப் போகாவிட்டால், அது திறக்காத துருசு.

அடுத்த கிளினிக்குக்கு அந்த அம்மா வந்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நான் வழி கண்டிட்டன் பிள்ளை. வெள்ளிக்கிழமையிலை மரக்கறி சமைச்சு, பக்கத்து வளவிலை தனிய இருக்கிற ஆச்சிக்குக் கொண்டுபோறன். ரெண்டு பேருமாச் சாப்பிடுறம்." பிறகு கேட்டார்: "நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அது நோன்புமல்ல, வெறும் அவசரம். அன்றிலிருந்து தவக்காலத்தில் நான் விட முயல்வது அந்த அவசரத்தைத்தான். ஒவ்வொரு நோயாளியிடமும், "வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

கடைசியாக வைத்தியராக ஒரு சொல். நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஒருசந்தி இருக்கவேண்டாம். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தக் கடமை இல்லை. நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் நோன்பைப் பார்க்காமல் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

எங்கெங்கோ நாடுகளில் இருக்கும் சகோதரிகளே, இந்தத் தவக்காலத்தில் உங்கள் பக்கத்து வளவில் தனியே இருக்கும் ஆச்சி யார்? இந்த வெள்ளிக்கிழமை அவரோடு இருந்து சாப்பிடுங்கள்.