கிளப்புக் கதவும் நம்ம சங்கக் கதவும்

(தோட்ட மக்கள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் கோல்ப் கிளப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "தொரைமார் வெளாட்டு நமக்கு எதுக்குங்க?" என்று ஒரு அம்மா கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான். காலையில் பெரட்டுக்கு ஓடி, கொழுந்து நிறுத்து, சாயந்தரம் பீலியில் தண்ணி பிடித்து அடுப்பு மூட்டுகிற நமக்கு அந்த விளையாட்டால் ஆகப் போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கிளப்புகளின் வாசல் கதவு நமக்கு ஒரு பாடம் சொல்லும். அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நுவரெலியா டவுனுக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோல்ப் கிளப் வெள்ளைக்காரன் காலத்தில், 1890ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. அதற்குக் கொஞ்சத் தூரத்தில் இருக்கிற கல் கட்டடம் ஹில் கிளப். அது 1876இல் தொடங்கியது. அப்போது இந்த மலைகளில் கோப்பி அழிந்து கொண்டிருந்த காலம். தேயிலை பிறகுதான் பரவியது. அட்டன் பக்கம் தரவளையில் ஒரு கிளப், நானுஓயாப் பக்கம் ரதல்லையில் ஒரு கிளப் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் தொரைமாருக்குக் கிளப்புகள் இருந்தன.

உறுப்பினர் ஆவது எப்படி?

இந்த மாதிரிக் கிளப்புகளில் காசு இருந்தால் மட்டும் சேர முடியாது. முதலில் உள்ளே இருக்கிற ஒருவர் உங்கள் பெயரைப் பிரேரிக்க வேண்டும். இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். பெயரைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். பிறகு இரகசிய வாக்கெடுப்பு. பழைய வழக்கப்படி ஒரு பெட்டிக்குள் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்கள். கறுப்புக் குண்டு ஒன்றிரண்டு விழுந்தாலே போதும், ஆள் வெளியே. ஏன் வேண்டாம் என்றார்கள் என்று யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. யார் போட்டது என்றும் தெரியாது.

இதைக் கவனியுங்கள். "இன்ன சாதிக்காரனுக்கு இடமில்லை, இன்ன நிறத்தவனுக்கு இடமில்லை" என்று போர்டு மாட்ட வேண்டியதே இல்லை. காரணம் சொல்லாத வாக்கு அந்த வேலையைச் செய்து விடும்.

ஹில் கிளப்பில் 1960களின் பிற்பகுதி வரை இலங்கையர் எவருக்கும் உறுப்புரிமை கிடையாது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948இல். அதாவது நாடு நம்முடையது ஆகி ஏறக்குறைய இருபது வருசம் ஆன பிறகும், கிளப் அவர்களுடையதாகவே இருந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்ற பேதமே அங்கு இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசல் அடைப்பு!

அந்தக் கதவுக்குள் நடந்தது வெறும் விளையாட்டும் குடியும் மட்டும்தானா? ஒரு மாவட்டத்துத் தொரைமார் எல்லாரும் கூடுகிற இடம் அது. எந்தத் தோட்டத்தில் யார் "பிரச்சினைக்காரன்", எந்தச் சின்னத்தொரையை எங்கே மாற்றுவது என்கிற பேச்செல்லாம் அப்படிப்பட்ட இடத்தில்தான் வரும். நம்மைப் பற்றிய பேச்சு நடக்கும், நாம் இருக்க மாட்டோம்.

உள்ளே இருக்கிறவனுக்கும் அந்தக் கதவு ஒரு விலங்குதான். 1936இல் பிரேஸ்கேர்டில் என்கிற வெள்ளைக்கார இளைஞர் கண்டி மாவட்டத்து மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சின்னத்தொரை வேலை பழக வந்தார். தொழிலாளர் படுகிற பாட்டைப் பார்த்துத் தொழிலாளர் பக்கம் பேசினார். வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் மேடை ஏறிப் பேசினார். நாட்டை விட்டே போகும்படி தேசாதிபதி கட்டளை போட்டார். உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று 1937 மே மாதம் தீர்ப்பளித்தது. கோட்டைத் தாண்டிய வெள்ளைக்காரனுக்கே அந்தக் கதி!

பை தூக்க விடுவார்கள், பக்கத்தில் உட்கார விட மாட்டார்கள்

கோல்ப் விளையாடுகிறவரின் பையைத் தூக்கிக் கொண்டு கூடவே நடக்கிற ஆளைக் 'கேடி' என்பார்கள். பல நாடுகளில் ஏழைப் பிள்ளைகள் புல்தரைக்குள் கால் வைத்தது இந்த வேலையால்தான்.

அமெரிக்காவில் ஒகஸ்டா என்று பெயர் பெற்ற கிளப் ஒன்று. அங்கே நடக்கிற பெரிய போட்டியில், 1982 வரை கிளப்பின் கேடிமாரைத்தான் விளையாட்டு வீரர்கள் வைத்துக் கொள்ள வேண்டும். அந்தக் கேடிமார் கறுப்பர்கள். ஆனால் ஒரு கறுப்பர் அந்தப் போட்டியில் விளையாட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கறுப்பர் ஒருவர் உறுப்பினர் ஆனது 1990இல். பெண்கள் உறுப்பினர் ஆனது 2012இல்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் கிட்டியது. நம்ம பாட்டன் பூட்டன் கோப்பிக் காட்டுக்கும் தேயிலைக் காட்டுக்கும் வந்த மாதிரி, 1860 முதல் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களைக் கப்பல் ஏற்றினார்கள். அந்த வம்சத்தில் வந்தவர் பப்வா சிவ்கோலும். டர்பனில் கேடியாக இருந்தவர். பள்ளிக்கூடம் போய்ப் படிக்க வசதி இல்லாதவர். மட்டையைப் பிடிக்கிற விதம்கூட மற்றவர்களுக்கு நேர்மாறு, கைகள் மேல் கீழாக இருக்கும். அந்த மனுசன் 1959இல் ஹொலண்ட் நாட்டுப் போட்டியில் வென்றார். 1963இல் சொந்த ஊரான டர்பனில் நேட்டால் போட்டியில் வெள்ளையர் எல்லாரையும் தோற்கடித்தார். பரிசு கொடுக்கிற நேரம் மழை. வெள்ளை வீரர்கள் கிளப் கட்டடத்துக்குள். வென்றவர் வெளியே, மழையில் நின்று கிண்ணத்தை வாங்கினார். அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளில் வந்தது. நிறவெறி ஆட்சியின் முகம் அதில் தெரிந்தது. பிறகு அவரை விளையாடவே விடாமல் அரசாங்கம் தடுத்தது. 1978இல் வறுமையில் இறந்து போனார்.

திறமை இல்லை என்று அவரை வெளியே வைக்கவில்லை. திறமையைத்தான் ஊரே பார்த்ததே!

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017இல் டில்லியில் ஒரு கோல்ப் கிளப்புக்கு மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண் ஒருவர் விருந்தாளியாகப் போனார். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை அவருக்கு. தம் இனத்து உடையை உடுத்திச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுந்து போகச் சொன்னார்கள். நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்பில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள்! அந்த மேசையில் யாரை உட்கார வைத்துப் பார்ப்பது என்று உங்களுக்கே தெரியும்.

கதவு எப்போது திறந்தது?

மனம் மாறித் திறந்த கதவுகள் குறைவு. பெரும்பாலும் நட்டம் வருகிறபோதும், சட்டம் வருகிறபோதும்தான் திறந்திருக்கின்றன.

1990இல் அமெரிக்காவில் ஷோல் கிரீக் கிளப்பில் பெரிய போட்டி நடக்க இருந்தது. கறுப்பரை நாங்கள் சேர்ப்பதில்லை என்ற பேச்சு வெளியே வந்ததும், பெரிய கம்பனிகள் விளம்பரத்தை நிறுத்தின. போட்டிக்கு முன்பே ஒரு கறுப்பருக்கு உறுப்புரிமை கிடைத்தது. ஸ்கொட்லாந்தில் மியுர்பீல்ட் என்ற இடத்துக் கிளப் 1744இல் தொடங்கியது. பெண்களைச் சேர்க்கலாமா என்று 2016இல் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. அன்றைக்கே, உலகப் புகழ் பெற்ற ஓப்பன் போட்டி இனி அங்கு நடக்காது என்று அறிவித்து விட்டார்கள். அடுத்த வருசமே வாக்குப் புரண்டது, பெண்களுக்கு இடம் கிடைத்தது. 273 வருசம் திறக்காத கதவு பத்து மாதத்தில் திறந்தது.

சென்னையில் 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனார் என்பதற்காக ஒரு கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில் உள்ளே விடவில்லை. நீதிபதிக்கே இந்த நிலை என்றதும் ஊர் கொதித்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் அனுமதிப் பத்திரம் ரத்தாகலாம், ஒரு வருசம் வரை சிறை, 25,000 ரூபா அபராதம்.

நம்ம நாட்டிலும் 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் என்று எதைக் காட்டியும் கடை, ஹோட்டல், பொதுச் சாப்பாட்டுக் கடை, பொதுக் கேளிக்கை இடம், தம் மதத்துக் கோயில் இவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. சாதி பார்த்துத் தடுத்தால் குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. இதை நம்ம பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது நம்ம கதை

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி சொல்வது கொஞ்சம் கசக்கும்.

வெள்ளைக்காரன் கிளப்பில் சேர்க்காததால், கொழும்பில் இலங்கைப் பெரிய மனிதர்கள் 1894இல் ஓரியன்ட் கிளப் என்று ஒன்று தொடங்கினார்கள். அதில் ஐரோப்பியருக்கு இடமில்லை. ரோசம்தான், பாராட்டலாம். ஆனால் அதில் கூலி ஆளுக்கு இடம் இருந்ததா? அடைத்த கதவுக்குப் பதிலாக இன்னொரு அடைத்த கதவு!

1948இல் இதையே நாட்டளவில் கண்டோம். வெள்ளைக்காரன் வெளியே நிறுத்தியவர்கள் ஆட்சிக்கு வந்ததும், குடியுரிமைச் சட்டத்தால் நம்ம ஆட்களில் இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். ஹில் கிளப்பில் அவர்களுக்கு உறுப்புரிமை இல்லாத அதே காலத்தில், நாட்டில் நமக்கு உறுப்புரிமை இல்லை. அந்தக் கணக்கு முழுசாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆயிற்று. வெளியே நிற்கிற வலி நமக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும்?

அப்படித் தெரிந்த நாம், நம்ம கதவை எப்படி வைத்திருக்கிறோம்? கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், நலன்புரிச் சங்கம் என்று தோட்டத்துக்கு நாலைந்து இருக்கின்றன. அவற்றைப் பாருங்கள். மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சந்தா பெண்களின் சம்பளத்திலிருந்தும் வருகிறது. கமிட்டியில் எத்தனை பெண்கள்? "அவங்களுக்கு நேரம் எங்கங்க இருக்கு" என்கிறோம். கூட்டத்தை அவர்கள் சோறாக்குகிற நேரத்தில் வைத்தால் நேரம் எப்படி இருக்கும்?

செக்ரோலில் பேர் இல்லாதவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்கிற தோட்டங்கள் உண்டு. அவர்களும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். கைக்காசுக்கு வேலை செய்கிறவர், கொழும்புக் கடையில் நிற்கிறவர், இவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் சங்கத்துப் பந்தலும் பாத்திரமும் கிடைக்காதா? சில இடங்களில் சாதியும் பார்க்கிறோம். வெளியே சொல்ல மாட்டோம். 'அவங்க சரிப்பட மாட்டாங்க' என்போம். அதுதான் நம்ம கறுப்புக் குண்டு.

ஆகவே இந்த மாதக் கூட்டத்திலேயே நாலு காரியம் செய்யும்படி கேட்டுக் கொள்கிறேன்.

ஒன்று: யார் சேரலாம் என்ற விதியைத் தமிழில் எழுதி, பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுங்கள். தோட்டத்தில் குடியிருக்கிற எவரும் சேரலாம் என்று அதில் இருக்கட்டும்.

இரண்டு: ஒருவரைச் சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எழுதக் கூச்சப்படுகிற காரணம் நல்ல காரணமாக இருக்காது.

மூன்று: கமிட்டியில் பாதிப் பேர் பெண்கள். பொருளாளர், செயலாளர் பதவியும் அவர்களுக்கு வரட்டும். தேத்தண்ணி ஊற்ற மட்டும் கூப்பிட வேண்டாம்.

நாலு: சந்தாக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லார் முன்னாலும் வாசியுங்கள். கணக்குத் திறந்திருந்தால் கதவும் திறந்திருக்கும்.

நுவரெலியாவில் இருக்கிற கிளப்பின் சாவி நம்ம கையில் இல்லை. நம்ம சங்கத்துச் சாவி நம்ம மடியில் இருக்கிறது. நாளைக்கு நம்ம பிள்ளை ஏதாவது ஒரு வாசலில் நின்று "ஏன் என்னை விடவில்லை?" என்று தலை நிமிர்ந்து கேட்க வேண்டுமானால், அந்தக் கேள்வியை நம்மைப் பார்த்து யாரும் கேட்க முடியாதபடி நாம் முதலில் நடந்து கொள்ள வேண்டும்.