தர்ம சபையில் யாருக்கு ஆசனம்?



ஆரணிப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கென ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவ, பட்டு வியாபாரிகள் முன்வந்து, விதிகளை வகுக்குமுன் ஊராரின் அபிப்பிராயத்தை அறிய இக்கூட்டத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கொடுக்கும் மனம் இந்த ஊருக்கு உண்டு. அது யாருக்குப் போய்ச் சேரவேண்டுமென்று தீர்மானிக்கிற சபையில் யார் யார் அமரப்போகிறார்கள் என்பதே என் கேள்வி.

1794-ல் காலமான பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைத் தர்மத்துக்கென்று உயில் எழுதிவைத்துப் போக, வழக்குகளில் நெடுங்காலம் சிக்கிக் கிடந்த அப்பொருள் மீண்டு, 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடமாகி, பின்னர் கல்லூரியாகவும் வளர்ந்து, எண்ணற்ற குடும்பங்களைக் கைதூக்கிவிட்ட சரித்திரத்தை நன்றியோடு நினைக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அந்த வாசல், 1920-களின் பிற்பகுதி வரையில், ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. பள்ளி பிறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல்! மூன்று தலைமுறைகள் வெளியே நின்றன. பாட்டனுக்கு மறுக்கப்பட்ட படிப்பு பேரனின் வறுமையாக வந்து நின்றதை அந்தத் தர்மத்தை நிர்வகித்த சபையின் கணக்குப் புத்தகம் எதுவும் காட்டியிராது. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குரல் தர்மகர்த்தாக்களின் செவிக்கு எட்ட வழியிருந்திருந்தால், இத்தனை காலம் வீணாகியிருக்குமா?

அந்த வாசல் மூடியிருந்த நாளிலேதான், நம் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-ல் ஓர் ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுப்பது புத்தகமில்லாமையா, சோறில்லாமையா, தங்க இடமில்லாமையா என்று அவர் பிறரிடம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை; தாமே அந்த வழியில் நடந்து வந்தவர். நம் மண்ணின் மைந்தரான அவருடைய பெயரை இந்த ஊர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிறபேதம் சட்டமாகவே ஆண்ட காலத்தில், சிக்காகோ வியாபாரி ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் யோசனைக்குச் செவிசாய்த்து, 1912 முதல் 1932 வரையில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவினார். கொடுத்தவர் கேட்டார், அதனால் கொடை பொருந்தியது. ஆனால் ஏற்கெனவே வரி செலுத்திய ஏழை மக்கள், அரசு தரவேண்டிய பள்ளிக்காக மறுபடியும் தங்கள் கையிலிருந்து பெருந்தொகை திரட்டித் தர நேர்ந்தது அநியாயமென்றே நான் கருதுகிறேன். அந்தப் பாரத்தை நாம் யார்மீதும் சுமத்தலாகாது.

நம் ஊருக்கு வருவோம். கூலிக்கு நெய்கிறவர் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைகிற நாளெல்லாம் தறி சும்மா நிற்கிறது. தறி நின்றால் கூலி இல்லை. மழைக்காலத்தில் தெருவில் பாவு நூலை விரிக்க முடியாமல் வேலை தடைப்படுகிற வீட்டிலே கல்லூரிக் கட்டணத்துக்கு வழியேது? நூல் சுற்றித் தரும் பெண்களும், சொந்தத் தறியே இல்லாதவர்களும், இந்தத் தொழிலின் விளிம்பில் வேறு கூலிவேலை பார்க்கிற ஆதிதிராவிடக் குடும்பங்களும் விண்ணப்பத்தாளின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண் ஒன்றையே யோக்கியதையாக வைத்தால், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுக்கே உதவியும் போய்ச் சேரும்.

ஆகையால் நான் கேட்பது இவைதாம். சபை ஒன்பது பேரென்றால், நால்வராவது கூலி நெசவாளரும் நூல் சுற்றுகிற பெண்களும் ஆதிதிராவிடக் குடியிருப்பினரும் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்கட்டும். அவர்களுக்கு வாக்கும் இருக்கட்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் சபையே எழுதிக்கொள்ளட்டும். சான்றுகளுக்கான அலைச்சலையும் சபையே ஏற்கட்டும். ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு கைவிடாமல், படிப்பு முடியும்வரை உதவி தொடரட்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் போகட்டும். அவர் மறுபடி முறையிட வழியும் இருக்கட்டும்.

விதிகளின் வரைவு தயாரானதும், அதைப் படித்துக் காட்டும் கூட்டத்தை இந்த மண்டபத்தில் வைக்காமல், ஆதிதிராவிடக் குடியிருப்பிலேயே, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பின் மாலை வேளையில் வைக்குமாறு இக்கூட்டத்தின் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.